கம்பெனி மூடினால் மூளை யாருடையது?

மூளைக்குள் கருவி வைப்பதைப் பற்றித் தமிழில் பேசுகிறவர்கள் இரண்டு கட்சி. முதலாவது ஈலான் மஸ்க் ரசிகர் மன்றம். 2024 ஜனவரியில் நியூராலிங்க் தன் கருவியை முதல் மனிதருக்குள் வைத்ததிலிருந்து இவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் படிக்கவே வேண்டாம், திருக்குறள் 1330-ஐயும் மண்டைக்குள் டவுன்லோட் பண்ணிக்கலாம் என்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். இரண்டாவது நம்முடைய கட்சி, இலக்கியக் கட்சி. இங்கே துக்கம். மனிதன் என்கிற கருத்தே முடிந்தது, இனி கவிதை எழுதுவது கவிஞனா சிப்பா என்று ஒரு ஒப்பாரி. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதும் அதே பேச்சு.

இரண்டு கட்சிக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு. ரெண்டு பேரும் இதை எதிர்காலத்தில் நடக்கப்போகும் சங்கதி என்று நினைத்துப் பேசுகிறார்கள். நரம்புக்கு மின்துடிப்பு கொடுத்து வலிப்பைக் குறைக்கும் கருவி முதன்முதலாக ஒரு மனித உடம்புக்குள் போனது 1988-இல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு அனுமதி கொடுத்தது 1997-இல். இதைப் படிக்கும் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். கருவியோடு வாழ்கிறவர்கள் யாரும் சூப்பர்மேன் ஆக ஆசைப்பட்டு வைத்துக்கொண்டவர்கள் இல்லை. மாத்திரை கேட்காத வலிப்புக்காரர்கள். அவர்களில் நானும் ஒருத்தி.

என் இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஒரு சின்ன உலோகப் பெட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி கழுத்துக்கு ஏறி, மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பைச் சுற்றியிருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முப்பது விநாடி துடிப்பு. அந்த முப்பது விநாடியும் என் குரல் கரகரக்கும். போனில் பேசுகிறவர்கள் "என்ன, சளியா?" என்பார்கள். என் பெரியம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "உள்ள கரண்டு ஓடுதாமே, உன்னைத் தொட்டா ஷாக் அடிக்குமாடி?" அடிக்காது பெரியம்மா. ஆனால் இலக்கியக் கூட்டத்தில் என்னிடம் கேட்கப்பட்ட எல்லாக் கேள்விகளையும்விட இது நல்ல கேள்வி. பெரியம்மாவுக்குக் கவலை என் உடம்பைப் பற்றி. மற்றவர்களுக்குக் கவலை மானுடத்தைப் பற்றி.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கருவி நம் ஆன்மாவை என்ன செய்யும் என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்தக் கருவியின் மேல் யாருக்கு உரிமை என்கிற கேள்வி கேட்பாரில்லாமல் கிடக்கிறது. உடம்புக்குள் போன பிறகும் அது கம்பெனியின் சரக்காகவே நடத்தப்படுகிறது. கம்பெனிக்குக் காசு இருக்கும்வரை உங்களுக்குக் கருவி; காசு தீர்ந்தால் கருவியும் தீர்ந்தது. இப்படி ஏற்கெனவே நடந்திருக்கிறது, பெயரோடும் ஆண்டோடும்.

மாத்திரை கேட்காதவர்கள்

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். உலகத்தில் வலிப்பு நோய் உள்ளவர்கள் சுமார் 5 கோடிப் பேர். இவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு மாத்திரை போதும். ஒழுங்காகச் சாப்பிட்டால் வலிப்பு நின்றுவிடும். மீதி மூன்றில் ஒரு பங்குக்கு நிற்காது.

2000-இல் க்வான், ப்ராடி என்ற இரண்டு மருத்துவர்கள் கிளாஸ்கோவில் சிகிச்சை பெற்ற 525 பேரை வைத்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மருந்தே சாப்பிட்டிராதவர்களில் 47 சதவீதம் பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்தில் இன்னொரு 13 சதவீதம். அதற்குப் பிறகு மூன்றாவது மருந்து, நாலாவது மருந்து, கூட்டு மருந்து எல்லாம் சேர்த்து 4 சதவீதம். இந்த மாதிரிக் கணக்குகளை வைத்துத்தான் சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010-இல் ஒரு வரையறை கொடுத்தது: சரியாகத் தேர்ந்தெடுத்த, சரியான அளவில் கொடுத்த இரண்டு மருந்துகளுக்கும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு.

இரண்டே இரண்டு மருந்து. நம் ஊரில் என்ன நடக்கிறது? ஏழாவது மருந்து வரைக்கும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஒரு சாமியார், ஒரு தாயத்து, ஒரு மந்திரிப்பு. வலிப்பு வந்து ரோட்டில் விழுந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். இரும்பு பிடித்தால் நிற்குமாம். சினிமாவும் அதையே காட்டிக் காட்டிச் சனத்துக்கு மனப்பாடம் பண்ணிவிட்டது. வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் பெரும்பாலும் தானே நிற்கும். நின்றதற்குப் பெயர் வாங்கிக்கொள்வது சாவிக்கொத்து.

அடங்காத வலிப்போடு வாழ்வது என்றால் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் குளிப்பது. வண்டி ஓட்டக் கூடாது. அடுப்படியில் தனியாக நிற்கக் கூடாது. இதெல்லாம் வெளியில் தெரிவது. தெரியாத ஒன்று இருக்கிறது. வலிப்பு நோயுள்ள வயது வந்தோரில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர், வேறு எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடியாமல், திடீரென்று இறந்துபோகிறார். பலர் தூக்கத்தில். வலிப்பு அடங்காதவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

சட்டமும் நம்மைச் சும்மா விடவில்லை. 1976-இல் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, அடிக்கடி வலிப்பு வருவது திருமணத்தைச் செல்லாததாக்கக் கூடிய காரணங்களில் ஒன்றாக எழுதப்பட்டது. அதை நீக்கியது 1999-இல். 23 வருஷம் அந்த ஒரு சொல் சட்டப் புத்தகத்தில் இருந்தது. சட்டத்திலிருந்து போய்விட்டது, தரகரின் வாயிலிருந்து போகவில்லை.

கருவி என்ன செய்யும், என்ன செய்யாது

மூன்று வகைக் கருவிகள் இன்று புழக்கத்தில் இருக்கின்றன. எனக்கு இருப்பது வேகஸ் நரம்புத் தூண்டி. 1998-இல் வெளிவந்த அதன் பெரிய சோதனையில், முழு அளவு துடிப்பு கொடுத்தவர்களுக்கு மூன்று மாதத்தில் வலிப்பு சராசரியாக 28 சதவீதம் குறைந்தது. பெயருக்குக் கொஞ்சமாகக் கொடுத்தவர்களுக்கு 15 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் வருஷம் போகப் போகப் பலன் கூடுகிறது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைகிறது.

இரண்டாவது ஆழ்மூளைத் தூண்டி. மூளையின் நடுவே தலாமஸ் என்ற பகுதியின் முன்பக்கத்தில் இரண்டு மின்முனைகள். நெஞ்சில் பேட்டரிப் பெட்டி. 110 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2010-இல் வெளியானது. ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்ததில் வலிப்பு சராசரியாக 69 சதவீதம் குறைந்திருந்தது. அதே சோதனையில், துடிப்பு கொடுக்கப்பட்டவர்களில் மனச்சோர்வும் ஞாபகக் குறைவும் இருப்பதாகச் சொன்னவர்கள் மற்றக் குழுவைவிட அதிகம். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் கதைக்காரர்களுக்குப் பிடித்த மாதிரி இருப்பது. கலிஃபோர்னியாவின் நியூரோபேஸ் கம்பெனி செய்வது, 2013-இல் அனுமதி. மண்டையோட்டில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் கருவியைப் பொருத்திவிடுவார்கள். அது நாள் முழுக்க மூளையைக் கேட்டுக்கொண்டிருக்கும். வலிப்பின் தொடக்கம் மாதிரி ஏதாவது தெரிந்தால் உடனே ஒரு சின்னத் துடிப்பு. ஒன்பது ஆண்டு முடிவில் சராசரி 75 சதவீதம் குறைவு. ஒரு வருஷமோ அதற்கு மேலோ வலிப்பே வராமல் இருந்தவர்கள் 18 சதவீதம்.

இந்த 18-ஐ நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கருவி வலிப்பைக் குறைக்கும். ஒழிப்பது அபூர்வம். "மூளையில் சிப், வலிப்புக்கு முற்றுப்புள்ளி" என்று தலைப்பு போடுகிற செய்தித் தளங்கள் பொய் சொல்கின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2001-இல் கனடாவில் நடந்த ஒரு சோதனையில், காதுப் பக்கத்து மூளைப் பகுதியிலிருந்து வலிப்பு கிளம்பும் 80 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். அறுவை சிகிச்சைக் குழுவில் 58 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்தில் நினைவு தப்பும் வலிப்பு இல்லை. மருந்துக் குழுவில் 8 சதவீதம் பேருக்குத்தான் அந்தப் பாக்கியம். வலிப்பு கிளம்பும் இடத்தை எடுத்துவிட முடியும் என்றால் கருவியைவிட அறுவை சிகிச்சை மேல். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1990-களிலிருந்து அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அங்கே அனுப்பிப் பார்க்காமலே நேராகக் கருவியைப் பற்றிப் பேசும் டாக்டரிடம் ஏன் என்று கேளுங்கள். எடுக்க முடியாத இடத்தில் வலிப்பு கிளம்பினால், அல்லது பல இடங்களில் கிளம்பினால், அப்போதுதான் கருவியின் முறை. என் கதை அப்படி.

மிஷ்கினும் மாடிப்படியும்

இப்போது நம் இலக்கியக் கட்சிக்கு வருகிறேன். இவர்களிடம் வலிப்பு என்றதும் ஒரு பெயர் வரும்: தஸ்தயேவ்ஸ்கி. 'அசடன்' நாவலில் மிஷ்கினுக்கு வலிப்புக்கு முந்தைய விநாடியில் ஒரு பேரொளி. அந்த ஒரு கணத்துக்காக முழு வாழ்க்கையையும் கொடுக்கலாம் என்று அவனுக்குத் தோன்றுகிறது. இதை வைத்துக்கொண்டு என்னிடமே ஒருவர் கேட்டிருக்கிறார்: "கருவி வெச்சதுக்கு அப்புறம் அந்தத் தரிசனம் போயிடுச்சா?"

எனக்கு எந்தத் தரிசனமும் வந்ததில்லை. வலிப்புக்கு முன்னால் வயிற்றிலிருந்து ஒரு பயம் மேலே ஏறும். ரப்பர் எரிகிற நாற்றம் வரும். அவ்வளவுதான். பேரொளி கிடைக்கிறவர்கள் மிகச் சிலர். அது போகட்டும். அதே நாவலில் மிஷ்கின் மாடிப்படியில் வலிப்பு வந்து உருண்டு விழுகிறான், கல்லில் தலை மோதி ரத்தம் ஓடுகிறது. ஒளியை ஞாபகம் வைத்திருக்கும் வாசகர்களுக்குப் படிக்கட்டு ஏன் ஞாபகம் இல்லை? இன்னொன்று. தஸ்தயேவ்ஸ்கியின் மகன் அல்யோஷா 1878-இல், மூன்று வயது நிறையும் முன்னால், நிற்காத வலிப்பில் இறந்தான். அதன் பிறகு எழுதிய 'கரமாஸவ் சகோதரர்கள்' நாவலின் நாயகனுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார். அந்தக் குழந்தையைக் காப்பாற்ற ஒரு கருவி இருந்து, "இது மனித சுயத்தைப் பாதிக்குமோ" என்று யாராவது அவரிடம் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

சுயம் மாறும் என்கிற பயத்துக்கு இன்னொரு வம்சாவளி உண்டு. மைக்கேல் கிரைட்டன் 1972-இல் எழுதிய 'தி டெர்மினல் மேன்' நாவலில் வலிப்பு நோயாளி ஒருவனின் மூளையில் மின்முனைகள் வைக்கிறார்கள், அவன் கொலைகாரனாகிறான். அன்றிலிருந்து இன்றுவரை கதைகளில் மூளைக்குள் கம்பி வைத்தவன் ஒன்று அடிமை, இல்லையென்றால் பேய்.

சுயம் மாறுமா? மாறலாம். ஆனால் இந்தக் கேள்வியை நீங்கள் மாத்திரையிடம் ஏன் கேட்பதில்லை? லெவெடிரசெட்டம் சிலருக்குக் கண்மண் தெரியாத கோபத்தைக் கொடுக்கும். டோபிரமேட் சொற்களைப் பிடுங்கும். எனக்குப் பிடுங்கியது. அதைச் சாப்பிட்ட இரண்டு வருஷமும் 'ஜன்னல்' என்கிற சொல்லுக்காக அரை நிமிஷம் நிற்பேன். "அந்த... காத்து வருமே, அது" என்று கையைக் காட்டுவேன். எழுத வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒருத்திக்கு இதைவிடப் பெரிய சுய இழப்பு என்ன இருக்கிறது? அப்போது எந்தச் சிந்தனையாளரும் எனக்காக மனிதத்தின் முடிவை அறிவிக்கவில்லை. மாத்திரை என்றால் சிகிச்சை, உலோகம் என்றால் தத்துவம். கருவி வைத்த பிறகு டோபிரமேட்டை நிறுத்தினோம். ஜன்னல் திரும்பி வந்தது. என் விஷயத்தில் என்னைத் திருப்பிக் கொடுத்தது அந்த உலோகம்தான்.

மெல்போர்ன்

இனி நான் உங்களைப் பயப்படச் சொல்லும் விஷயம். 2010-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் ஒரு சோதனை தொடங்கியது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து நியூரோவிஸ்டா என்ற கம்பெனியின் கருவி. நரம்பியல் மருத்துவர் மார்க் குக் தலைமையில் 15 பேருக்கு வைத்தார்கள். இது துடிப்பு கொடுக்கும் கருவி இல்லை, மூளையைக் கேட்டு எச்சரிக்கும் கருவி. மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள், நெஞ்சில் ஒரு பெட்டி, கையில் வைத்துக்கொள்ள ஒரு சின்னக் கருவி. அதில் மூன்று விளக்கு. நீலம் எரிந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு குறைவு. வெள்ளை என்றால் நடுத்தரம். சிவப்பு எரிந்தால் ஜாக்கிரதை, எங்கேயாவது உட்கார்.

வலிப்பில் உடம்பு நோகும், நாக்கு கடிபடும். அதைவிடக் கொடுமை எப்போது வரும் என்று தெரியாமல் ஒவ்வொரு நிமிஷத்தையும் கழிப்பது. அந்த 'எப்போது' தெரிந்துவிட்டால் தனியாகக் கடைக்குப் போகலாம், அடுப்பில் நிற்கலாம், தூங்கலாம்.

அந்தப் பதினைந்து பேரில் ஒரு பெண்ணுக்குக் கருவி அப்படித்தான் வேலை செய்தது. சின்ன வயதிலிருந்து வலிப்போடு வாழ்ந்தவர். சிவப்பு விளக்கு எரிந்தால் மருந்து எடுத்துக்கொண்டார், வலிப்பு இல்லாமல் நாட்களைக் கழித்தார். கருவியும் தானும் ஒன்றாகிவிட்டதாக உணர்ந்தார் என்று அவரை நேர்கண்ட ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சோதனையின் முடிவு 2013-இல் லான்செட் நியூராலஜி இதழில் வெளியானது. வலிப்பை முன்கூட்டிச் சொல்ல முடியும் என்பதற்கு அது முக்கியமான சான்று.

அதே சமயத்தில் கம்பெனிக்குக் காசு தீர்ந்தது. கருவி வைத்தவர்கள் எல்லோரும் அதைக் கழற்றிவிட வேண்டும் என்று சொல்லப்பட்டது. அந்தப் பெண் மறுத்தார். அவரும் கணவரும் கருவியை விலைக்குக் கேட்டார்கள். வீட்டை அடமானம் வைக்கவும் தயாராக இருந்தார்கள். நடக்கவில்லை. மற்ற எல்லோருக்கும் கழற்றிய பிறகு, கடைசி ஆளாக அவருக்கும் கழற்றினார்கள். மறுபடியும் அந்த 'எப்போது' அவர் வாழ்க்கைக்குள் வந்தது.

இதில் இன்னொரு பெண்ணின் கதையும் உண்டு. அதே சோதனை, அதே கருவி. அவருக்கு வலிப்பு மிக அதிகம். விளக்கு ஓயாமல் எச்சரித்துக்கொண்டே இருந்தது. தான் எவ்வளவு நோயாளி என்பதை மணிக்கு மணி ஞாபகப்படுத்தும் பொருளாக அது ஆனது. சோர்ந்துபோனார், எடுத்துவிடுங்கள் என்று அவரே கேட்டார். ஒரே கருவி ஒருவருக்குக் கைத்தடி, இன்னொருவருக்குக் கால்விலங்கு. "கருவி மனிதனுக்கு நல்லதா கெட்டதா" என்று மொத்தமாகக் கேட்பது எவ்வளவு உதவாத கேள்வி என்பதற்கு இந்த இரண்டு பெண்கள் போதும். கேட்க வேண்டியது: வைத்துக்கொள்வதா எடுப்பதா என்று முடிவு செய்வது யார்? ஒருத்தி வேண்டாம் என்றாள், எடுத்தார்கள், நியாயம். இன்னொருத்தி வேண்டும் என்றாள், அப்போதும் எடுத்தார்கள்.

2023-இல் பிரெடெரிக் கில்பர்ட், மார்செல்லோ இயென்கா ஆகியோரோடு சோதனையை நடத்திய மார்க் குக்கும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை, இப்படி விருப்பமில்லாமல் கழற்றுவது மனித உரிமை மீறலாகலாம் என்று எழுப்பியது. நான் 'ஆகலாம்' என்று இழுக்க மாட்டேன். மீறல்தான்.

எதிர்த்தரப்பின் வாதம் எனக்குத் தெரியும். கம்பெனி இல்லாமல் பேட்டரி மாற்ற முடியாது, கம்பி அறுந்தால் சரி செய்ய முடியாது, தொற்று வந்தால் ஆபத்து. நோயாளியின் பாதுகாப்புக்காகத்தான் கழற்றினோம். மருத்துவ ரீதியாக அதில் உண்மை உண்டு. ஆனால் இந்த ஆபத்து 2013-இல் திடீரென்று முளைத்ததா? மண்டையைத் திறந்து உள்ளே வைத்த அன்றைக்கே தெரியும், இது தொடங்கி நாலு வருஷம் ஆகாத கம்பெனியானாலும் நாற்பது வருஷக் கம்பெனியானாலும் ஒருநாள் மூடலாம் என்று. வைக்கும்போது அதற்குக் காசு ஒதுக்காமல், எடுக்கும்போது மட்டும் பாதுகாப்பைப் பேசுவது என்ன நியாயம்?

இது ஒரு தனிக் கதையும் இல்லை. கொடுமையான ஒருபக்கத் தலைவலிக்கு முகத்துக்குள் வைக்கும் கருவியைச் செய்த ஏடிஐ கம்பெனி 2019-இல் மூடியது. அதை வைத்திருந்தவர்கள் 700 பேருக்கு மேல். முதுகுத்தண்டுத் தூண்டிகள் செய்த நுவெக்ட்ரா அதே ஆண்டு திவால். பார்வை இழந்தவர்களுக்கு விழித்திரைக் கருவி செய்த செகண்ட் சைட் 2020-இல் ஏறக்குறைய மூழ்கியது. 350 பேருக்கு மேல் கண்ணுக்குள் ஆதரவற்ற கருவியோடு நின்றார்கள். போன் கம்பெனி மூடினால் வேறு போன் வாங்கிக்கொள்ளலாம். கண்ணுக்கு என்ன செய்வது?

அடுக்குமாடிக்கு உள்ள காவல் மூளைக்கு இல்லை

"இப்படியெல்லாம் கட்டுப்பாடு போட்டால் எந்த ஸ்டார்ட்அப்பும் இந்தத் துறைக்கு வராது" என்பார்கள். சரி, ஒரு உதாரணம் பார்ப்போம். இந்தியாவில் அடுக்குமாடி வீடு கட்டுகிறவர், வாங்குகிறவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பது 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம். பாதியில் கட்டடத்தை விட்டு ஓடுகிற பில்டர்களைப் பார்த்துப் பார்த்து வந்த சட்டம். அதன் பிறகு யாரும் வீடு கட்டாமலா இருக்கிறார்கள்? பாதிக் கட்டடத்துக்குக் கிடைத்த காவல் பாதிச் சிகிச்சைக்கு ஏன் இல்லை?

இதயத்தைப் பாருங்கள். பேஸ்மேக்கர் கம்பியின் முனைக்கு உலகம் முழுக்க ஒரே அளவுத்தரம் பல காலமாக இருக்கிறது. ஒரு கம்பெனியின் கம்பியை இன்னொரு கம்பெனியின் பெட்டியில் செருகலாம். ஒருவர் கடையைக் கட்டினாலும் நோயாளி நடுத்தெருவில் நிற்க மாட்டார். நரம்புக் கருவிகளில் அந்த ஒழுங்கு இன்னும் வரவில்லை. பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிச் செருகி, ஒரு தனி மென்பொருள். தொழில்நுட்பம் முடியாததால் இப்படி இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. இதயத்தில் முடிந்ததே.

சிலி நாடு 2021-இல் தன் அரசியல் சட்டத்தையே திருத்தி, மூளையின் செயல்பாட்டையும் மூளைத் தகவல்களையும் பாதுகாக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டது. கைதட்டுகிறேன். ஆனால் அந்த வரிகளில் பேட்டரி இல்லை. தீர்ந்துபோன பேட்டரியை யார் மாற்றுவது, கம்பெனி மூடினால் யார் பொறுப்பு என்பது இல்லை. உரிமைகளை எழுதுகிறவர்களும் நம் இலக்கியக் கட்சி மாதிரித்தான், மனத்தைப் பார்க்கிறார்கள், செருகியைப் பார்ப்பதில்லை.

நம் ஊர் நிலைமை இன்னும் மோசம். ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னால் புரியும். ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனமான டீப்யூ செய்த ஒரு வகைச் செயற்கை இடுப்பு மூட்டு, குறைபாட்டுக்காக 2010-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் அதை வைத்து நடந்த அறுவை சிகிச்சைகள் சுமார் 4,700. இந்திய அரசின் நிபுணர் குழு அறிக்கை வெளியே வந்தது 2018-இல். அதற்குள் பெரும்பாலான நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. யாருக்கு என்ன வைத்தோம் என்கிற பதிவேடு இல்லை. இடுப்புக்கே இந்தக் கதி என்றால் நரம்புக்குள் இருப்பதற்கு?

என் பெட்டியின் பேட்டரி ஏழாவது வருஷம் தீரத் தொடங்கியது. பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, பெட்டியையே மாற்ற வேண்டும். மறுபடி ஒரு அறுவை சிகிச்சை, சின்னக் கார் ஒன்று வாங்குகிற செலவு. காப்பீட்டு நிறுவனம், பெயர் வேண்டாம், இது ஏற்கெனவே இருந்த நோய்க்கான கருவி மேம்பாடு என்று எழுதி நிராகரித்தது. மேம்பாடு! நான் என்ன வீட்டுக்கு டைல்ஸ் மாற்றவா கேட்டேன்? அப்பா பி.எஃப். பணத்தை எடுத்தார். அப்பாவுக்கு எடுக்க பி.எஃப். இருந்தது. அது இல்லாத வீட்டில் பேட்டரி தீரும்வரை காத்திருப்பார்கள். பிறகு பழையபடி மாத்திரை, பழையபடி படிக்கட்டு. உடம்புக்குள் செத்துப்போன ஒரு உலோகத் துண்டு மட்டும் மிச்சம்.

ஆகவே, நான் கேட்பவை. கருவியை உடம்புக்குள் வைக்கும் நாளிலேயே, அந்த ஆளுடைய ஆயுளுக்கான பேட்டரிக்கும் பராமரிப்புக்கும், தேவைப்பட்டால் கழற்றவும் ஆகும் பணத்தைக் கம்பெனி தொடாத கணக்கில் கட்ட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, நோயாளி சம்மதிக்காமல் கருவியைக் கழற்றக் கூடாது. சம்மதப் பத்திரத்தில் அதை முதல் பக்கத்தில், அவருக்குப் புரியும் மொழியில் எழுத வேண்டும். கம்பெனி மூடினால் மென்பொருளும் வரைபடங்களும் பொதுவுக்கு வர வேண்டும், இன்னொருவர் பராமரிக்கும்படி. செருகிக்கு ஒரே அளவுத்தரம். யாருக்கு என்ன வைக்கப்பட்டது என்பதற்கு நாடு முழுக்க ஒரு பதிவேடு. பேட்டரி மாற்றுவது சிகிச்சையின் தொடர்ச்சி என்று காப்பீட்டுச் சட்டத்தில் ஒரு வரி. இதில் எதற்கும் புதுக் கண்டுபிடிப்பு தேவையில்லை.

அடுத்த கூட்டத்தில் யாராவது மைக்கைப் பிடித்து, மூளைக்குள் சிப் வைத்த பிறகு அவன் மனிதனா இயந்திரமா என்று ஆரம்பித்தால், தயவுசெய்து எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பேட்டரி தீர்ந்தால் யார் மாற்றித் தருவார்கள்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் ஆன்மாவைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். நானும் உட்கார்ந்து கேட்கிறேன்.